கண்ணுக்கு எட்டாத கடமை

செயலின் விளைவு கண்முன்னே தெரியும்போது மனிதன் எச்சரிக்கையாக இருக்கிறான். அண்டை வீட்டுக் கூரைமீது விழக்கூடிய மரத்தை வெட்டுவதற்கு முன் பலமுறை யோசிக்கிறான். ஆனால், விளைவு பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், எவரும் காணாத இடத்தில் நிகழுமானால் அதற்கும் அவன் பொறுப்பாளியா? வடதுருவக் கடலில் நடந்த ஓர் ஆராய்ச்சிப் பயணம் இக்கேள்வியை ஆழ்ந்து சிந்திக்க வைக்கிறது.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஜெர்மனியின் 'போலார்ஷ்டெர்ன்' என்னும் ஆராய்ச்சிக் கப்பல் பனியைப் பிளந்துகொண்டு ஆர்க்டிக் பெருங்கடலின் நடுப்பகுதியில் சென்றது. பயணத்தின் தலைமை விஞ்ஞானி, கடல் நுண்ணுயிரியல் அறிஞரான ஆன்ட்யே போயட்டியுஸ் அம்மையார். அவ்வாண்டு செப்டம்பரில் அக்கடலின் பனிப்பரப்பு, 1979-இல் செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இதுவரை காணப்பட்டவற்றுள் மிகக் குறைந்த அளவுக்குச் சுருங்கியது.

இத்தகைய பணியில் பொறுமையே முதல் தகுதி. நான்கு கிலோமீட்டர் ஆழத்துக்குக் கருவியை இறக்கி ஏற்றவே சில மணி நேரமாகும். மேலே வரும் ஒரு குழாய்ச் சேற்றைச் சூடேறவிடாமல் குளிரறையில் வைத்துப் பிரிக்க வேண்டும்.

கடலடிக்கு இறக்கிய காமிரா எதிர்பாராத காட்சியைக் காட்டியது. பனிப்பாளங்களின் அடியில் இழைகளாகத் தொங்கி வளரும் 'மெலோசிரா' என்னும் பாசி, பனி உருகியதால் விடுபட்டு, கடலின் அடித்தளத்தில் கட்டிகட்டியாகக் கிடந்தது. கடல் அட்டைகள் அதை உண்டுகொண்டிருந்தன. பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்ததால் அடியிலிருந்த சேற்றில் பிராணவாயு குன்றியிருந்தது. மேலே ஒரு கோடையில் நேர்ந்த மாற்றம், ஒளியே புகாத ஆழத்தை அவ்வளவு விரைவில் எட்டிவிட்டது.

அந்தப் பனியை உருக்க வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. ஆயினும், உலகெங்கும் எரிக்கப்படும் நிலக்கரியும் எண்ணெயும் புவியைச் சூடாக்கிப் பனியை மெலியச் செய்கின்றன. அதை ஆராயச் சென்ற கப்பலும் எண்ணெயால்தான் ஓடியது. ஆகவே, தன்னை விலக்கி வைத்துக்கொண்டு பிறர்மீது குற்றம் சுமத்த எவருக்கும் இங்கே இடமில்லை. தன் பங்கையும் உணர்ந்து, கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் உரைப்பதே அறிவாளியின் அறம். கடல் அட்டைகளுக்குக் கிடைத்த உணவையும், சேற்றில் குன்றிய பிராணவாயுவையும் அவர்கள் ஒருசேரப் பதிவு செய்தார்கள்.

அறியாமல் செய்வது பிழை. அறிந்தபின்னும் மாறாதிருப்பதே குற்றம். தொலைவு என்பது அறியாமைக்குக் காரணமாகலாம். அறிந்தபின் அது சாக்காகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் இதே அறிஞரும் உடன் உழைத்தவர்களும் கடலடிச் சேற்றில் இருவகை நுண்ணுயிர்கள் ஒன்றுகூடி வாழ்வதை வெளிப்படுத்தினர். அவை இணைந்து, புவியைச் சூடாக்கவல்ல மீத்தேன் வாயுவைக் கடலடியிலேயே சிதைக்கின்றன. அவ்வாயுவின் பெரும்பகுதி மேலெழுந்து காற்றில் கலக்காமல் காக்கப்படுவது இத்தகைய நுண்ணுயிர்களால்தான். அவற்றை எவரும் வெறுங்கண்ணால் கண்டதில்லை. எவரும் நன்றி கூறியதுமில்லை.

காணாத உயிர்களின் உழைப்பால் காக்கப்படும் மனிதன், காணாத இடத்துக்குத் தான் ஆற்ற வேண்டிய கடமையை எவ்வாறு மறுக்க முடியும்? வீணாக எரியும் ஒரு விளக்கை அணைக்கும்போதும் அவன் அந்தக் கடமையில் ஒரு சிறு பகுதியை நிறைவேற்றுகிறான்.