சிறு இறாலும் ஓர் அமானிதமே!

ஒரு வீட்டில் பிள்ளைகளின் ஆசைக்காகக் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் மீன்களோடு, இரண்டு அங்குலம்கூட நிறையாத சில இறால்களையும் வளர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுபுஹுக்கு எழுந்து வருகிற தாய், அவற்றில் ஒன்று இரவில் வெளியேறித் தரையில் கிடப்பதைக் காண்கிறார். இரண்டு கால்கள் ஒடிந்திருக்கின்றன, உடம்பெல்லாம் தூசி, உயிர் மட்டும் ஊசலாடுகிறது. இதைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிடலாமா? அல்லது இதற்காகச் சற்று நேரம் செலவிடுவது மார்க்கப்படி நம்மீது கடமையாகுமா?

அற்பமான கேள்வி என்று சிரித்து ஒதுக்கத் தோன்றும். ஆனால், நம் உள்ளம் இரக்கத்தில் எவ்வளவு தூரம் பழகியிருக்கிறது என்பதை, நம்மை எதுவும் செய்ய இயலாத சிற்றுயிரின் முன்னால்தான் அறிய முடியும். அன்றியும், அந்தக் காலை வேளையில் பெற்றோர் செய்வதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் எழும் ஆட்சேபம் இது: "இறால் நாம் ஆக்கித் தின்னும் பொருள்தானே! சட்டியில் சாகலாம் என்றால் தரையில் சாகக் கூடாதா?" ஷாஃபிஈ மத்ஹபில் இறால் உண்ண ஆகும். ஹனஃபி உலமாக்களிடையே, அது மீன் இனத்தைச் சேர்ந்ததுதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு மஸ்அலா. ஆடும் நாம் உண்பதுதான். அதற்காக, கொட்டிலில் காலொடிந்து கிடக்கும் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் விட்டுவிடலாம் என்று யாரும் சொல்வதில்லை. உண்ணலாம் என்பது ஒரு தேவைக்காகத் தரப்பட்ட அனுமதி. வீணாக வதைபட விடலாம் என்ற அனுமதி அதற்குள் அடங்காது. அறுக்கும்போதுகூடக் கத்தியை நன்கு தீட்டி, பிராணியின் வேதனையைக் குறைக்கும்படி கற்றுத் தந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

"ஆடும் மாடும் சரி, பூச்சி அளவுள்ள இதற்குமா?" என்று கேட்கலாம். ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், வளர்ப்புப் பிராணிகளுக்குத் தீனி கொடுக்கும் கடமையைப் பற்றி எழுதும்போது பட்டுப்புழுவையும் தேனீயையும் விட்டுவிடவில்லை. புழுவுக்கு முசுக்கொட்டை இலை கிடைக்கச் செய்வதும், தேனீக்களுக்குக் கூட்டில் கொஞ்சம் தேன் விட்டுவைப்பதும் அவற்றை உடையவரின் பொறுப்பு என்று விளக்கினார்கள். ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்களோ, முதுமையாலோ நோயாலோ பயன் ஒழிந்துபோன பிராணிக்கும் செலவு செய்வது மனிதன்மீது அதற்குள்ள உரிமை என்று பட்டியலிட்டார்கள். உருவம் சிறியது என்பதால் கடமை நீங்கவில்லை. உபயோகம் போய்விட்டது என்பதாலும் நீங்கவில்லை.

இந்தக் கடமை எங்கிருந்து வருகிறது? பூனையைக் கட்டிவைத்துச் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். அவள் அதற்கு உணவும் தரவில்லை. தானே தேடித் தின்னும்படி அவிழ்த்தும் விடவில்லை. அடைத்து வைத்ததுமே அதன் பொறுப்பு அவள் கழுத்தில் ஏறிவிட்டது.

தொட்டிகளில் வளர்க்கப்படும் 'அமானோ' இறாலின் நிலை இதைவிட இக்கட்டானது. ஜப்பான், தைவான் முதலிய நாடுகளின் ஆறுகளைச் சேர்ந்தது அது. தொட்டியில் படரும் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்பதால், தகாஷி அமானோ என்ற ஜப்பானியர் 1980-களில் அதைப் பிரபலப்படுத்தினார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பூனையையாவது அவிழ்த்துவிடலாம். அந்நிய நாட்டு நதியில் பிறந்த இதை நம் ஊர்ச் சாக்கடையில் விட்டால் அது பிழைக்காது. குளத்தில் விட்டாலோ, அங்குள்ள உயிர்களுக்குத் தீங்காகலாம். ஆகவே, அது முழுக்க முழுக்க நம் கையையே நம்பியிருக்கிறது. 'அமானோ' என்ற பெயர் நம் காதில் 'அமானிதம்' என்றே ஒலிக்கட்டும்!

அதற்கு நோவு தெரியுமா என்பது அடுத்த கேள்வி. பெல்ஃபாஸ்ட் நகர ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வினிகரில் உள்ள அமிலத்தை இறாலின் உணர்கொம்பில் தடவினார்கள். அது அந்தக் கொம்பையே நெடுநேரம் நீவியும் தேய்த்தும் கொண்டிருந்தது. மரத்துப்போகும் மருந்தைத் தடவியபோது அந்தச் செய்கை குறைந்தது. 2021-இல் லண்டன் பொருளியல் கல்லூரி அறிஞர்கள் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்துக் கூறிய முடிவை ஏற்று, பிரிட்டன் தனது 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இறால், நண்டு ஆகியவற்றையும் உணர்வுள்ள பிராணிகளாகச் சேர்த்தது.

ஒட்டகம் ஒன்று கண்ணீர் விட்டு நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டதையும், அதன் சொந்தக்காரரை அவர்கள் கண்டித்ததையும் கிதாபுகளில் படிக்கிறோம். ஒட்டகத்துக்குக் குரலாவது இருந்தது. இறாலுக்குக் குரலும் இல்லை. தண்ணீர் கெட்டுப்போனாலும், மீன்கள் துரத்தினாலும், புது இடம் ஒவ்வாவிட்டாலும் அது ஏறி வெளியேறப் பார்க்கிறது. எதுவும் கெடாமலேயே ஏறுவதும் உண்டு. கடலை அடுத்த உப்பு நீரில் குஞ்சுப் பருவத்தைக் கழித்து, ஈரப் பாறைகளைப் பற்றி ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறும் இனம் அது. எப்படியாயினும், அது வெளியே விழுந்ததை ஒரு முறையீடாகவே கொண்டு தண்ணீரைச் சோதிப்பதும், தொட்டிக்குச் சரியான மூடி போடுவதும் நம் வேலை.

இரக்கம் இருந்தால் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். அசையவில்லை என்று உடனே எறிந்துவிடக் கூடாது. செவுள்களில் ஈரம் இருக்கும்வரை உயிர் இருக்கக்கூடும். கையை நனைத்துக்கொண்டு, அல்லது மெல்லிய வலையால் எடுத்து, அதே தொட்டித் தண்ணீரில் விட வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. ஒட்டிய தூசியைத் தேய்த்து எடுக்காமல் நீரில் தானே கரைய விட வேண்டும். மீன்கள் கடிக்காதபடி தொட்டிக்குள்ளேயே ஒரு வலைப் பெட்டியில் தனியே வைக்கலாம். மீனுக்கான மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கிறது; அது இறாலுக்கு நஞ்சு. பரிதாபப்பட்டுத் தீனியை அள்ளிப் போட்டால் அது அழுகி நீரைக் கெடுத்துவிடும். பிறகு விளக்கை அணைத்து, அமைதியாக விட்டுவிட வேண்டும். ஒடிந்த காலை நாம் ஒட்டவைக்க முடியாது. அது சட்டை உரிக்கும்போது அல்லாஹ் அதற்குப் புதுக் கால் முளைக்கச் செய்கிறான். அந்த வேலைக்கு இடையூறு செய்யாதிருப்பதே நம் பங்கு.

"மனிதர்கள் பசித்திருக்க, இறாலுக்கு இத்தனையா?" என்பாரும் உண்டு. ஏழையின் உரிமை ஏழைக்கே உரியது. அதைக் குறைத்து இறாலுக்குக் கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இறாலைத் தள்ளிவிட்ட கை, மிச்சப்பட்ட அந்த அரை மணி நேரத்தை ஏழைக்குக் கொடுத்துவிடுகிறதா? ஏழையின் கடமையைச் செய்ய மனமில்லாதபோதுதான் பெரும்பாலும் இந்த வாதம் எழுகிறது. பராமரிக்க நேரமில்லை என்போர் வாங்காதிருக்கலாம், அதில் குற்றமில்லை.

இவ்வளவு செய்தும் அது இறந்துவிட்டால் நம்மீது குறையில்லை. ஆயுள் அவன் கையில். முயற்சி நம் கையில். வல்ல நாயன், நம் பொறுப்பில் உள்ள எல்லா உயிர்களின் விஷயத்திலும் அவனுக்கு அஞ்சி நடக்க நம்மனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.