பக்கத்து எண்

எழுத்து நகராத இரவுகளில் எண்களை உடைத்துப் பார்ப்பது என் பழைய வியாதி. 714ஐ உடைத்தால் 2, 3, 7, 17. அடுத்த 715இல் 5, 11, 13. முதல் ஏழு பகா எண்களையும் இரண்டும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன, ஒன்றைக்கூடப் பொதுவில் வைக்காமல். வைக்கவும் முடியாது. அடுத்தடுத்த எண்கள் இரண்டையும் வகுக்கும் எதுவும் அவற்றின் வித்தியாசமான 1ஐயும் வகுத்தாக வேண்டும். பக்கத்தில் நிற்பதாலேயே உள்ளுக்குள் அந்நியம்.

எனக்கும் அண்ணனுக்கும் ஒரு வயது வித்தியாசம். அப்பா எங்கள் மார்க்குகளை ஒப்பிடாத நாளில்லை. அது அநியாயம் என்று வெகுகாலம் நம்பினேன். போன வருஷம் அண்ணன் செத்துப்போனான். அவனைப்பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள்.

ராமானுஜனும் ஹார்டியும் 1917இல் கண்டது இது: அநேகமாக எல்லா எண்களுக்கும் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, அந்த எண்ணுடைய மடக்கையின் மடக்கையை ஒட்டியே இருக்கிறது. எண்பது இலக்க எண்ணுக்குக்கூட ஐந்து சொச்சம்தான். கும்பலைப்பற்றிய ஞானம் இது. ஓர் எண்ணை முழுக்க உடைத்து அறிந்தவனுக்கும் அடுத்ததில் கூடுமா குறையுமா என்று தெரியாது. மொத்தத்தில் பாதிக்குப் பாதி.

சமமாக இருப்பதோ? 14க்கும் 15க்கும் வகுஎண்கள் நான்கு நான்கு. இத்தகைய ஜோடிகள் முடிவின்றி வருமா என்ற கேள்வியில், 5040 தள்ளி நிற்கும் ஜோடிகளுக்கு க்ளாடியா ஸ்பைரோ 1981இல் நிரூபித்தார். பக்கத்து ஜோடிக்கு 1984இல் ஹீத்-ப்ரௌன் வரவேண்டியிருந்தது. இந்த வரிசை என்னை உறுத்துகிறது. தூரத்து மனிதனிடம் சமத்துவம் பேசுவது நமக்கும் சுலபமாகத்தான் இருக்கிறது.

அப்படி நிரூபித்ததும் எண்ணிக்கையின் சமம்தான். 14இல் இருப்பது 2உம் 7உம். 15இல் 3உம் 5உம். ரேஷனுக்கும் ஓட்டுக்கும் எண்ணிக்கை போதும், போதவும் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அப்பா செய்தது அதுவல்ல. நான் செய்ததும் அல்ல.

அண்ணனைப்பற்றி எழுதிய பக்கத்தை நேற்று திரும்பப் படித்தேன். ‘என்னைவிட’ என்ற சொல் ஏழு இடங்களில் இருந்தது. ஆறை அடித்துவிட்டேன். ஏழாவதை எடுத்தால் வாக்கியம் நிற்கவில்லை.