தூண்டிலும் நாணயமும்
(அர்ச். மத்தேயு சுவிசேஷம் 17-ம் அதிகாரம், 24 முதல் 27 வரை)



சென்ற வாரம் மாலைச் செபம் முடிந்தபின் நம் வாலிபர் சிலர் என்னிடம் ஒரு வழக்கோடு வந்தனர். "சாமி, ஏரியை மீன்பாசிக் குத்தகைக்கு விட்டாயிற்று என்று சொல்லி எங்களைக் கிட்டேயே சேர்க்கவில்லை. பாட்டன் முப்பாட்டன் காலத்து ஏரி. ராத்திரியில் நாங்கள் வலை போட்டால் அது களவாகுமா?" என்று கேட்டனர். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லுகிறேன் என்றேன். ஏனெனில், இந்த வழக்கில் நானும் ஒருகாலத்தில் குற்றவாளியாய் நின்றவன்.

இருபது வருஷத்துக்கு முன், குருமட மாணவனாயிருந்தபோது, கோடை விடுமுறையில் நீலகிரியிலுள்ள அவலாஞ்சிக்குப் போனேன். அங்கே டிரவுட் என்னும் மீன் உண்டு. அதில் ஒரு வகைக்கு விலாவிலே செவ்வரி ஓடும். அதனால் வானவில் டிரவுட் என்று பெயர். அது நம் தேசத்து மீனன்று, வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. குளிர்ந்த, தெளிந்த நீரில்தான் வாழும். நம் ஏரி வெந்நீரில் ஒரு நாளும் தங்காது. 1860-களில் பிரான்சிஸ் டே என்பவர் டிரவுட் மீனை மலைக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 1907-ல் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தபின்தான் வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது.

அதைப் பிடிக்கும் விதமும் வேறு. நாம் மண்புழுவைக் கோத்துத் தக்கை ஆடும்வரை உட்கார்ந்திருப்போம். அங்கேயோ இறகையும் நூலையும் முள்ளிலே சுற்றிப் பூச்சிபோல் செய்கிறார்கள். அந்தப் பூச்சிக்குக் கனமில்லை. ஆகையால் கயிற்றையே கனமாகச் செய்து, கோலைப் பின்னும் முன்னும் வீசி, கயிற்றின் பாரத்தாலேயே அதைத் தண்ணீர்மேல் மெல்ல இறக்குகிறார்கள். பொறுமையில்லாதவனுக்குக் கயிறு தன் தோளில்தான் சிக்கும்.

மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அளவில் சிறிய மீன் சிக்கினால், கையை நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றித் திரும்ப நீரில் விட வேண்டும். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு போய் நோய் பற்றும் என்பார்கள். நாள் முழுவதும் வீசிய எனக்குச் சாயங்காலம் ஒரு சாண்கூட இல்லாத மீன் ஒன்று அகப்பட்டது. சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பைக்குள் போட்டுக்கொண்டேன்.

காவல்காரப் பெரியவர் மரத்தடியில் இருந்திருக்கிறார். அவர் திட்டவில்லை. "வாங்க பிரதர்" என்று பொரிப்பகத்துக்கு அழைத்துப் போனார். தொட்டியிலே விரலளவு குஞ்சுகள். குளிர்காலத்தில் தாய்மீனின் வயிற்றை நோகாமல் நீவி முட்டையை எடுப்பதையும், ஆண்மீனின் பாலை அதோடு கலப்பதையும், ஓடும் குளிர்நீரில் ஒரு மாதத்துக்குமேல் காப்பதையும், செத்து வெளுத்த முட்டையை அன்றாடம் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எடுப்பதையும் சொன்னார். பிறகு, "நீங்க எடுத்தது சின்ன மீன்தான் பிரதர். அதுக்குப் பின்னால இருக்கிற வேலை சின்னது இல்லை" என்றார். மறுநாள் காலை முழுதும் நான் தொட்டி தேய்த்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது குருவானவர் எனக்கு வேறு பரிகாரம் கொடுக்கவில்லை.

பிரியமானவர்களே, சுவிசேஷத்திலே வலையைப்பற்றிப் பல இடங்களில் வாசிக்கிறோம். தூண்டிலோ ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. கப்பர்நாகூமில் தேவாலய வரி தண்டுகிறவர்கள் அர்ச். இராயப்பரிடம் வந்து, உங்கள் போதகர் வரி கொடுப்பதில்லையா என்று கேட்டார்கள். அரசன் தன் பிள்ளைகளிடம் வரி வாங்குவானா என்று சேசுநாதர் இராயப்பரைக் கேட்டார். பிள்ளைகளுக்கு வரியில்லை, அதுதான் நியாயம். ஆனாலும் பிறருக்கு இடறலாகாதபடி, கடலிலே தூண்டில் போட்டு, முதலில் வரும் மீனின் வாயிலுள்ள நாணயத்தை எடுத்து, இருவருக்குமாகக் கொடுக்கச் சொன்னார்.

தேவாலயமே அவருடைய பிதாவின் வீடு. உரிமை இருந்தும் அவர் உரிமை பேசவில்லை. வாழ்நாளெல்லாம் வலைவீசிய இராயப்பரைப் படகு நிறையப் பிடிக்கவும் சொல்லவில்லை. ஒரு மீன், ஒரு நாணயம், இருவருக்கும் சரியான தொகை. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாலிபரே, இதுவே என் பதில். ஏரி ஊருக்குப் பொது என்பது உண்மை. பொது என்றால் எல்லாருக்கும் சொந்தம் என்று அர்த்தம். இருட்டில் முந்தினவனுக்குச் சொந்தம் என்றல்ல. மழைக்குப் பின் கட்லாவும் ரோகுவும் குஞ்சாக விலைக்கு வாங்கி விடப்பட்டவை. அவற்றை இரவில் வாரினால் அது ஏழாம் கற்பனைக்கு விரோதமான களவுதான். கொசுவலையால் குஞ்சை அரிப்பதும், நீரில் நஞ்சு கலப்பதும் இன்னும் கேடு. மின்கம்பியை நீரில் விடுகிறவன் தன் உயிரையும் தோழன் உயிரையும் பணயம் வைக்கிறான். குறையிருந்தால் பகலில், நாலு பேர் முன்னிலையில் கேளுங்கள். நானும் உங்களோடு வருகிறேன்.

குத்தகை எடுத்தவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். கூலி கிடைக்காத நாளில் ஒரு ஏழை கரையோரம் உட்கார்ந்து குழம்புக்கு இரண்டு கெண்டை பிடித்தால், உங்கள் கணக்கு முழுகிவிடாது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம். சேசுநாதர் பக்கமும் அன்று நியாயம் இருந்தது, அவர் விட்டுக்கொடுத்தார்.

தாய்மாரே, மகன் விடியற்காலையில் மீனோடு வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அடுப்பு மூட்டாதீர்கள். நான் பையில் போட்ட அந்த மீனை எவரும் சமைக்கவில்லை. அதன் பாரம் மட்டும் நெடுநாள் என் தோளில் இருந்தது.

ஒருவரும் பார்க்கவில்லை என்று நாம் நினைக்கும் வேளையிலும் நம்மைப் பார்த்து, திட்டாமல் அழைத்துப்போய்த் திருத்துகிற சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு