யாருக்காக ருசி பார்க்கிறோம்?

என் மாமியார் ஒரு விஷயத்தில் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கோயிலுக்குப் போனால் நேராக வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். வழியில் யார் வீட்டிலும் நுழையக் கூடாது, ஓட்டல் வாசலை மிதிக்கவே கூடாது. "வாங்கினதை வழியிலேயே விட்டுட்டு வர்றதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?" என்பார். புண்ணியத்தை அவர் விளிம்புவரை எண்ணெய் ஊற்றிய கிண்ணமாகவே நினைத்தார். அங்கே இங்கே திரும்பினால் சிந்திவிடும்.

நானும் என் கணவரும் ஊர் போகிற விதம் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பெரம்பூரிலிருந்து காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பிவிடும் தூரத்தில்தான் எங்கள் பயணமெல்லாம். காஞ்சிபுரம், மாமல்லபுரம், செஞ்சி, வேலூர்க் கோட்டை. என் கணவர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். தினமும் சாமி கும்பிடுகிற பழக்கம் கிடையாது. ஆனால் பழைய கட்டடம் என்றால் உயிர். அந்த ஊரில் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் கண்டக்டரிடம் கேட்டு முடித்திருப்பார். நான் சனிக்கிழமை விரதம் இருப்பவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உதடு முணுமுணுக்கத் தொடங்கிவிடும். இப்படி இரண்டு பேர் ஒரே கோயிலுக்குப் போய், கும்பிட்டு, கல்லைப் பார்த்து, அப்புறம் ஓட்டலில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டு வந்தால் அது யாத்திரையா, ஊர் சுற்றலா?

மாமியார் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. நாக்கைக் கட்டு, கண்ணைக் கட்டு என்று நம் ஞானிகள் சொல்லாத காலமே கிடையாது. ருசி ஆசையை வளர்க்கும், ஆசை பற்றை வளர்க்கும், பற்றுத்தான் பிறவியை இழுத்துவரும். இதில் சைவம், வைணவம், சமணம், பௌத்தம் எல்லாம் ஏறக்குறைய ஒரே குரலில்தான் பேசுகின்றன. அப்படியிருக்க, தம்பதியாகப் போய் ருசி தேடுவது இரட்டைப் பற்றாகத்தானே முடியும்?

இதற்கு நான் பதில் தேடியது காஞ்சிபுரத்தில்தான். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் போகிற ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் வரும்போதெல்லாம் எனக்குச் சுந்தரர் ஞாபகம் வரும். பக்கத்தில்தான் திருக்கச்சூர். நடந்து நடந்து பசியில் வாடிய சுந்தரருக்காக, உச்சி வெயிலில் சிவபெருமானே அந்தணராக வந்து வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கிடைத்த சோற்றைக் கொண்டுவந்து போட்டார் என்கிறது பெரியபுராணம். விருந்திட்டவர் என்றே அந்த ஊர்ச் சாமிக்குப் பெயர் உண்டு. பசி தீர்ந்த சுந்தரர் அங்கிருந்து காஞ்சிக்குத்தான் போனார். பின்னால், மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரைவிட்டுப் புறப்பட்டவருக்குப் பார்வை போயிற்று. இடக்கண் திரும்பக் கிடைத்ததும் இதே காஞ்சியில், ஏகாம்பரநாதர் கோயிலில். பக்தனின் வயிற்றுக்காகத் தெருவில் இறங்கிய தெய்வம், அவன் மனைவிக்குக் கொடுத்த வாக்கையும் சும்மா விடவில்லை. வயிறு, கண், மனைவி மூன்றையும் ஆன்மிகத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் சுந்தரர் வரலாற்றில் மிஞ்சுவது சொற்பம்.

கைலாசநாதர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அந்த மணற்கல் ஒரு மாதிரித் தேன் நிறத்தில் இருக்கும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. பிராகாரத்தைச் சுற்றி 58 சிறு சந்நிதிகள். 1931இல் ஜூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இங்கேதான் பல்லவர் கால ஓவியத்தின் எச்சங்களைக் கண்டுபிடித்தார். ஒரு மாடத்தில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிவனும் உமையும் நடுவில் குழந்தை முருகனுமாக ஓர் ஓவியம். பாதி உதிர்ந்து போயிருக்கிறது. கருவறைப் பின்சுவரிலும் கல்லில் அதே குடும்பம்தான். பல்லவர்கள் தங்கள் சிவனைப் பெண்டாட்டி பிள்ளையோடுதான் உட்கார வைத்தார்கள்.

வாசலுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் சின்னக் கோயில்களில் ஒன்றை ராஜசிம்மனின் ராணி ரங்கபதாகை கட்டினாள் என்று கல்வெட்டே சொல்கிறது. அங்கே போகும்போதெல்லாம் நான் கொஞ்ச நேரம் நிற்பேன். கணவன் பெரிதாக ஒன்று கட்ட, பக்கத்திலேயே மனைவி தன் பங்குக்குச் சிறியதாக ஒன்று கட்டியிருக்கிறாள். ஊர் பார்க்க வருகிற தம்பதிகள் பெரும்பாலும் அதைக் கடந்து நேரே உள்ளே போய்விடுகிறார்கள்.

என் கணவர் எனக்குக் காட்டியது வேறொன்று. மண்டபத் தூணில் கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பகை பரம்பரைப் பகை. கொள்ளையடிக்க எல்லாக் காரணமும் இருந்தது. கோயிலுக்குள் வந்தான், அதன் செல்வத்தைப் பார்த்தான், அப்படியே சாமிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் ராணி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாகப் பட்டதக்கல்லில் ஒரு கோயில் எழுப்பினாள். இன்றைக்கு அது விரூபாட்சர் கோயில். அதன் சாயலில் காஞ்சி தெரியும். "பாத்தியா, எடுத்துட்டுப் போகல. பாத்துட்டுப் போயிருக்கான். ஊருக்குப் போய் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கான்" என்றார் என் கணவர். கடைசி வரி அவருடைய கற்பனை. ஆனால் என் கேள்விக்கு முதல் பிடி கொடுத்தது அதுதான்.

கண் எப்போதும் பற்றையே வளர்க்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு வேண்டும் என்று பார்க்கிற கண் வேறு, இதை இன்னொருவருக்குக் காட்ட வேண்டுமே என்று பார்க்கிற கண் வேறு. என் கணவர் எதைப் பார்த்தாலும் அடுத்த நொடி திரும்பி என்னைத் தேடுவார். "இங்க வா, இந்தக் கை மடங்கியிருக்கறதப் பாரு." அந்தத் தேடல் வந்துவிட்டால் பார்த்தது அவருடைய சொத்தாக இருப்பதில்லை.

நாக்கும் அப்படித்தானா? இதற்குச் சின்ன காஞ்சிபுரம் போக வேண்டும். வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் இட்லி நாம் வீட்டில் செய்வது போன்றதில்லை. அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவிடுவார்கள். வெட்டிய துண்டை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் இலை வாசனை வரும், பிறகுதான் நெய். வாயில் போட்டதும் சுக்கு தொண்டையில் லேசாகக் காரம் காட்டும். முழு மிளகு ஒன்று பல்லில் உடையும். பட்டினி கிடந்து தெய்வத்தைத் தேடுகிறவர்கள் கண்டுபிடித்த பண்டமல்ல இது. நாக்கு எதைக் கேட்கும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் செய்தது.

படைத்ததை முதலில் பெருமாள் முன் வைக்கிறார்கள். திரை போடுகிறார்கள். திரை விலகியதும் அது குறையாமல் திரும்பி வருகிறது. வேறொருவருக்கு முதலில் கொடுத்துவிட்டு நாம் இரண்டாவதாக உண்பதால்தான் அது பிரசாதம். அப்படியானால் முதலில் நாம் ருசி பார்ப்பது பாவமா? கண்ணப்பர் அதைத்தானே செய்தார். காளத்தியில் பன்றி இறைச்சியை வாயில் போட்டு மென்று பார்த்து, நல்ல துண்டை எடுத்து வைத்துச் சிவனுக்குக் கொடுத்தார். அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியாருக்கு அது அனாசாரம். சிவனுக்கோ அதுதான் அமுது. ஆக, யார் முதலில் சாப்பிட்டார்கள் என்பதில் பொருள் இல்லை. நாக்கு யாருக்காக ருசி பார்த்தது என்பதே கேள்வி.

தரிசனம் முடித்து வந்து ஒரு சின்ன ஓட்டலில் உட்காருவோம். காஞ்சிபுரம் இட்லி, பொடி, கெட்டிச் சட்னி. என் கணவர் தன் தட்டிலிருந்து ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு, நெய் அதிகம் ஊறிய நடுப்பகுதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளுவார். பேச்சு எதுவும் இருக்காது. நானும் என் தட்டிலிருந்து மிளகு தூக்கலான ஓரத்தை அவருக்குத் தள்ளுவேன். கண்ணப்பர் கதையைப் பாதி உறக்கத்தில் கதாகாலட்சேபத்தில் கேட்டவள் நான். அதன் பொருள் ஏறியது இப்படியொரு ஓட்டல் மேஜையில்தான். மாமியார் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன்: "அத்தை, கோயில்ல வாங்கினதை வழியில விடலை. வழியில கொடுத்துக்கிட்டோம்."

இத்தோடு முடித்துக்கொண்டால் சௌகரியமாக இருக்கும். ஆனால் காஞ்சி அப்படி விட்டுவிடுகிற ஊரில்லை. வேகவதி ஆற்றுப் பக்கம் திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது, சமணர்களின் ஜினகாஞ்சி. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387இல் விஜயநகரத்தின் இருகப்பர் கட்டினார். அதன் கூரை முழுக்க ஓவியங்கள். தீர்த்தங்கரர்களின் வரலாறு கட்டம் கட்டமாக ஓடுகிறது. நேமிநாதர் கதையும் உண்டு. கண்ணனின் உறவினரான அவர் மணக்கோலத்தில் ஊர்வலமாகப் போகிறார். வழியில் பட்டி நிறைய ஆடுமாடுகள் கதறுகின்றன. எதற்கு இவை என்று கேட்கிறார். உங்கள் கல்யாண விருந்துக்குத்தான் என்கிறார்கள். தேர் அங்கேயே திரும்புகிறது. கல்யாணம் இல்லை. விருந்தும் இல்லை. அவர் துறவியாகிவிடுகிறார்.

கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடி நான் இந்தக் கதையைச் சொன்னபோது என் கணவர் கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. ஆம்பூர் பிரியாணிக்காகவே வேலூர்ப் பயணத்தை நீட்டுகிறவர் அவர். பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு என்ன பண்ணா? அவ மேல என்ன தப்பு?"

மணப்பெண் ராஜிமதியும் நேமிநாதர் வழியிலேயே துறவு பூண்டாள் என்றேன். என் கணவருக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும்தான். ஆனால் நேமிநாதர் கேட்டதைத் தள்ளவும் முடியவில்லை. நீ ருசி பார்ப்பது உன் மனைவிக்காகவும் உன் தெய்வத்துக்காகவும் என்கிறாயே, உன் தட்டில் கிடப்பதன் பக்கம் உன் கண் திரும்பாதா என்பதுதானே அந்தக் கேள்வி? எங்கள் வீட்டில் இதற்கு இன்னும் முடிவு கிடையாது. அவர் பிரியாணி சாப்பிடுகிறார், நான் சாப்பிடுவதில்லை. இதைப் பற்றிப் பேசாமல் எந்தப் பயணமும் முடிவதில்லை.

ஆனால் ஒன்று எனக்குத் தெளிவாகிவிட்டது. இருவர் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்வது தொடக்கம்தான். அங்கேயே நின்றுவிட்டால் அது சுயநலத்தை இரண்டால் பெருக்கியதாகிவிடும். இதையும் காஞ்சியை வைத்தே சொல்லிவிடலாம். பஞ்சத்தில் வாடிய இந்த ஊருக்குத்தான் மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசித்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டாள். கடைசியில் அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் துறவு கொண்டதும் இங்கேதான். அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை விழுந்தது புகாரில். போட்டவள் ஆதிரை, சாதுவன் மனைவி. கணவன் வழி தவறிப் போனபோது தாங்கி நின்று, கடலில் மாண்டான் என்று செய்தி வந்தபோது தீயில் இறங்கியும் வேகாமல் பிழைத்து, அவன் திரும்பிய பிறகு அவனோடு குடும்பம் நடத்திய பெண். துறவி கையிலிருந்த பாத்திரம் ஒரு குடும்பப் பெண்ணின் கை பட்ட பிறகுதான் சுரந்தது. மணிமேகலையைப் பாடிய சாத்தனார் இதை யோசிக்காமல் வைத்திருக்க மாட்டார் என்பது என் துணிவு. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறத்திலும் புலால் மறுத்தலைத் துறவறத்திலும் வைத்ததைக்கூட இதோடு சேர்த்து யோசித்துப் பார்க்கலாம். ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக அவர் நிறுத்தவில்லை. வரிசைப்படுத்தினார்.

அதனால் ஊர் பார்க்கப் போகிற தம்பதிகளிடம், முக்கியமாகப் புதிதாகக் கல்யாணமானவர்களிடம், நான் கேட்டுக்கொள்வது இதுதான். காஞ்சிக்குப் பட்டு எடுக்க மட்டும் போகாதீர்கள். கோயில்கள் மத்தியானம் நடை சாத்தியிருக்கும், அதனால் கைலாசநாதரைக் காலையிலேயே பாருங்கள். வாசலில் ரங்கபதாகையின் கோயிலை விட்டுவிடாதீர்கள். வரதர் கோயிலில் இட்லி வாங்கினால் நல்ல துண்டை எதிரில் இருப்பவருக்குக் கொடுங்கள். திருப்பருத்திக்குன்றம் போய்க் கூரையை அண்ணாந்து பாருங்கள், பார்த்துவிட்டு ஒருவரோடு ஒருவர் வாதம் செய்யுங்கள். ஓட்டலில் இரண்டு பேருக்குச் சொல்லும்போது மூன்றாவதாக ஒரு பார்சலும் கட்டச் சொல்லுங்கள். கோயில் வாசலில் அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.