கண்படா மூலைகளும் கொல்லா நோன்பும்

இல்லத்தைத் தூய்மை செய்தல் அறச்செயலா, அன்றி உயிர்க்கொலைக்கு வாயிலா என்னும் ஐயம் நம்மவர் இல்லங்களில் ஆண்டுதோறும் எழுவதுண்டு. போகிப் பண்டிகை நெருங்கும்போது பரண்மீது கிடப்பவற்றைக் கீழே இறக்குகிறோம். பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்துகிறோம். ஓராண்டாகக் கை படாத இடங்களில் கை வைக்கிறோம். அங்கே நாம் எதிர்பாராத குடித்தனம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. சிலந்தி வலை பின்னியிருக்கிறது, கரப்பான் முட்டையிட்டிருக்கிறது, பழம் புத்தகங்களுக்குள் இராமபாணப் பூச்சி ஓடுகிறது, கதவு நிலையைக் கறையான் பற்றியிருக்கிறது. துடைப்பத்தைக் கையில் ஏந்தியவர் ஒரு கணம் தயங்குகிறார். அத்தயக்கம் நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வம். ஆனால் தயக்கத்தோடு நின்றுவிட்டால் அதனால் பயன் விளைவதில்லை. எது செய்யத்தக்கது என்று தெளிதல் வேண்டும்.

தேனி மாவட்டத்தில் கூடலூரைக் கடந்து குமுளிக்கு மலையேறும் சாலையின் அடிவாரத்தில் லோயர் கேம்ப் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்க வழியே வந்து, நான்கு பெருங்குழாய்களில் இறங்கி, இங்குள்ள நீர்மின் நிலையத்தின் சுழலிகளை இயக்கிய பின்னரே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது. அணை கட்டிய பென்னிகுக் அவர்களுக்கு 2013இல் திறக்கப்பெற்ற மணிமண்டபமும் இவ்வூரில்தான் உள்ளது. மின்நிலையத்தைச் சார்ந்து எழுந்த குடியிருப்புகளில் வாழ்வோர் ஒன்றை நன்கறிவர். ஜூன் மாதம் முதல் மேற்கு மலையைத் தாண்டி வரும் சாரல் ஒருபுறம். அக்டோபர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை மற்றொருபுறம். ஆண்டின் பாதி நாள் சுவரில் ஈரம் காய்வதில்லை. செஞ்சி, வந்தவாசிப் பக்கத்துக் காய்ந்த மண்ணில் வாழும் நம் குடும்பங்களுக்குப் போகியன்று மட்டும் தோன்றும் ஐயம், மலையடிவாரத்தில் வாழ்வோர்க்கு நாள்தோறும் தோன்றும். ஆதலின் இவ்வாராய்ச்சிக்கு அவ்வூர் இல்லத்தையே எடுத்துக்கொள்வோம்.

இரு எளிய விடைகள்

இவ்வையத்துக்கு இரண்டு விடைகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, "அவை பாட்டுக்கு இருக்கட்டும், கலைத்தால்தானே பாவம்" என்பது. மற்றொன்று, "வீடு மனிதர்க்கு உரியது, மருந்து அடித்துவிட்டால் தீர்ந்தது" என்பது. முதல் விடை கருணை போலத் தோன்றும். இரண்டாவது உலகியலறிவு போலத் தோன்றும். இவ்விரண்டையும் நம் அறநூல் நெறியில் வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்தனர். கொல்லவேண்டும் என்று கருதிச் செய்வது சங்கற்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் போன்ற மனைவினைகளில் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்யோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் அறவே விடவேண்டும். ஏனையவற்றை இயன்ற அளவு குறைக்கவேண்டும். இதனோடு, உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு வகுத்த இலக்கணத்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். பிரமாதத்தோடு, அதாவது சோர்வும் கவனமின்மையும் கலந்த மனமொழிமெய்களால், உயிரைப் போக்குதலே இம்சை என்பது அதன் கருத்து. விழிப்போடு நடப்பவன் காலடியில் ஓர் உயிர் தற்செயலாக மாளினும் அவனுக்குக் கொலைக்குற்றம் இல்லை. கவனமின்றி நடப்பவனுக்கோ ஓர் உயிரும் மாளாவிடினும் குற்றம் உண்டு என்று பின்வந்தோர் அதனை விரித்தனர்.

இவ்விலக்கணத்தை ஏற்றால், "அவை பாட்டுக்கு இருக்கட்டும்" என்னும் விடை நில்லாது. ஒரு மூலையை ஆறு திங்கள் பாராமல் விட்டவரிடம் சோர்வு இருந்ததேயன்றி அருள் இருந்ததாகச் சொல்ல இயலாது. அச்சோர்வின் பயன் பின்னர் வருகிறது. பெரிய கரப்பானின் ஒரு முட்டைப்பையில் ஏறத்தாழ 15 முட்டைகள் இருக்கும். கார்த்திகையில் ஒரு பிடி உணவுத் துணுக்கைத் துடைத்திருந்தால் ஓருயிரும் துன்புற்றிராது. தை பிறக்கும்போது அதே மூலையில் நூற்றுக்கணக்கான உயிர்கள் நம் துடைப்பத்துக்கு முன் நிற்கின்றன. அவற்றை அங்கே அழைத்தவர் யார்? நாமே அன்றோ?

தட்டில் தேங்கிய நீர்

இக்கருத்தை மேலும் கூர்மையாக்கும் இடம் ஒன்று இப்போது பெரும்பாலான இல்லங்களில் உண்டு. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில், அடியில் ஒரு சிறு தட்டு இருக்கும். உள்ளே உருகும் நீர் அதில் வந்து சேரும். இயந்திரத்தின் சூட்டில் அந்நீர் ஆவியாகிவிடுவது வழக்கம். ஈரக்காற்று வீசும் மாதங்களில் அவ்வாறு ஆகாமல் தேங்கும். பெட்டியை வாங்கியவருள் பலர் அத்தட்டைக் கண்டதே இல்லை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாடுவது சாக்கடையை அன்று; இத்தகைய தெளிந்த நீரையே. பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடாத சிமெண்டுத் தொட்டி, கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவையும் அதற்கு உகந்தவை. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். ஆதலால்தான் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள் என்று சுகாதாரத் துறையினர் வீடுவீடாகச் சொல்லிச் செல்கின்றனர். 2012, 2017 ஆகிய ஆண்டுகளில் தமிழகத்தில் டெங்கு கடுமையாகப் பரவியதை மறந்தவர் இரார். அவர்கள் அறிவுரையை அலட்சியம் செய்தல் ஆகாது.

ஆயினும் அணுவிரதம் பூண்டவர் இங்கே ஒரு படி மேலே எண்ணுதல் வேண்டும். வாரம் ஒருமுறை கொட்டுவது நோயைத் தடுக்கும், கொலையைத் தடுக்காது. ஆறாம் நாள் கொட்டும் நீரில் நெளியும் புழுக்கள் உயிர்களே. நோய்த்தடுப்புக்கு ஏழு நாள் கணக்குப் போதும். நோன்புக்கு அது போதாது. நீரே தேங்காதிருத்தல், தேங்கும் கலத்துக்கு மூடி இடுதல், தட்டை நாள்தோறும் துணியால் ஒற்றி உலர்த்துதல் ஆகியன நோன்பு வேண்டும் செயல்கள். இக்கொசுவின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். நீர் வற்றியும் பல மாதங்கள் அழியாதிருந்து, மறுபடி நீர் பட்டவுடன் பொரிக்கும். எனவே ஒருமுறை விட்ட கவனக்குறைவு அடுத்த மழை வரைக்கும் தொடர்கிறது. பிறக்கவிட்டுக் கொல்வதினும் பிறக்க இடங்கொடாமை மேல் என்பது இங்குத் தெளிவாகிறது. முற்றிலும் தவிர்த்தல் இல்லறத்தார்க்கு இயலாதுதான். எனினும் ஆயிரம் நூறாகக் குறைவதும் நூறு ஒன்றிரண்டாகக் குறைவதும் சிறு செய்தியன்று.

அப்படியாயின், காலம் கடந்து கண்டவர் யாது செய்வது? தொட்டியில் புழுக்கள் நெளிகின்றன. வீட்டில் குழந்தைகள் உள்ளனர். அண்டை வீட்டில் முதியவர் உள்ளார். இங்கே நீரைக் கொட்டாதிருத்தல் அறமாகாது. பிறருக்கு வரும் நோயைத் தடுப்பது இல்லறத்தான் கடமை; அது தற்காப்பின்பாற் படும். ஆனால் "கடமைதானே செய்தோம்" என்று மனம் அமைதியுறுதலும் கூடாது. கொட்டும்படி நேர்ந்தமைக்குக் காரணம் முன்னைய சோர்வு என்று உணர்ந்து, அன்றைய பிரதிக்கிரமணத்தில் அதனைச் சேர்த்து வருந்தி, அத்தொட்டிக்கு அன்றே மூடி செய்து இடுதல் வேண்டும். மூடி செய்யாத வருத்தம் வெறுஞ்சொல்லே.

சிலர் தொட்டியில் மீன்களை விட்டுவிடலாம் என்பர். அவை புழுக்களை உண்டுவிடும். மருந்தடிக்கும் ஆட்களை அழைத்துவிட்டு நாம் வெளியே சென்றுவிடலாம் என்பாரும் உளர். தாமே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் ஒருசேர வைத்து எண்ணும் மரபு நம்முடையது. மீன் தன் இயல்புப்படி உண்கிறது; அதனை அங்கே அக்கருத்தோடு விட்டவர் நாம். மருந்தடிப்பவர் கூலிக்குச் செய்கிறார். அவரை அழைத்தவர் நாம். வேலைக்கு வரும் அம்மாளிடம் "அந்த மூலையை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இவ்வகையே. பழியை அந்த ஏழையின் தலையில் ஏற்றிவிட்டு நம் கை தூயதென்று எண்ணுதல் பேதைமை.

மூலைகள் எங்கிருந்து வந்தன?

இன்னும் ஆழ்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். வெற்று அறைக்குக் கண்படா மூலை இல்லை. மூலையை மறைப்பது பொருள். உடைந்த நாற்காலி, பழுதுபார்க்கலாம் என்று வைத்த மின்விசிறி, மகள் கல்யாணத்துச் சீர்ப்பெட்டி, என்றோ உதவும் என்று அடுக்கிய அட்டைப் பெட்டிகள் ஆகியவை சேரச்சேர இருளும் சேர்கிறது. இருளில் உயிர்கள் சேர்கின்றன. பத்து அறங்களுள் ஒன்றாகிய உத்தம சௌசத்துக்கு நம் ஆசாரியர்கள் உலோபமின்மை என்றே பொருள் கொண்டனர். தூய்மை என்ற சொல்லுக்கு நீரையும் சோப்பையும் எண்ணாமல் பற்றின் நீக்கத்தை எண்ணிய அவர்களது நுட்பம் வியத்தற்குரியது. பொருளை அளவு செய்துகொள்ளும் விரதமும் கொல்லா விரதமும் பரணில் ஒன்றுசேர்கின்றன.

லோயர் கேம்ப்பிலிருந்து கம்பம் வழியே சென்றால் உத்தமபாளையத்தில் ஒரு பாறையைக் காணலாம். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அதில் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. கீழே வட்டெழுத்துகள் காணப்படுகின்றன. இப்பள்ளத்தாக்கிலும் நம் அறம் தழைத்திருந்தது என்பதற்கு அப்பாறை சான்று. அத்திருவுருவங்களை வழிபட்ட நிர்க்கிரந்தத் துறவியரின் உடைமை மயிற்பீலியும் கமண்டலமும் என்ற அளவே. மென்மையும் இலேசான எடையும் உடையதாய், தூசி பற்றாததாய் இருப்பதாலன்றோ பீலியை அவர்கள் கொண்டனர்! அமரும் இடத்தை முதலில் நோக்கி, பீலியால் மெல்ல வருடி, பின்னரே அமர்வர். ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அவ்வாறே செய்வர். இதனை ஆதான நிக்ஷேபண சமிதி என்பர். துறவிக்கு இருபொருளில் செய்வது எளிது; இருநூறு பொருள் உடைய நாம் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்!

பார்சுவநாத சுவாமி வரலாற்றில் தாபதன் ஒருவன் தீ வளர்ப்பதற்காக எடுத்த மரக்கட்டையின் உள்ளே பாம்பிணை இருந்ததைச் சுவாமி அறிந்து உரைத்த நிகழ்ச்சியை நம் குழந்தைகளும் அறிவர். அக்கட்டையும் ஒரு கண்படா மூலையே. தாபதன் தவம் செய்வதாகவே எண்ணினான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. போகி விடியலில் பழம் பாய், கிழிந்த மெத்தை, உளுத்த பலகை ஆகியவற்றைத் தெருவில் இட்டுக் கொளுத்துவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அவற்றுள் எத்தனை உயிர்கள் ஒடுங்கியுள்ளன! புகையற்ற போகி வேண்டும் என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சொல்வது மனிதர் மூச்சின் பொருட்டு. நமக்கோ அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பழம்பொருளைத் தீயிலிடும் வழக்கத்தை நம் இல்லங்கள் அறவே விடுதல் தகும்.

செய்முறை

ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தூய்மை என்னும் வழக்கத்தினும் நாளுக்கு ஒரு மூலை என்னும் வழக்கம் சிறந்தது. பகல் வெளிச்சத்திலேயே செய்க; இரவில் விளக்கொளியில் வேண்டா. பொருளை இழுக்காமல் தூக்கி நகர்த்துக. இழுப்பதில் அடியிலுள்ளவை நசுங்கும். முதலில் பூந்துடைப்பத்தால் மெல்லத் தள்ளி, சிற்றுயிர்கள் ஓடுவதற்குச் சிறிது நேரம் விடுக. நீரும் சோப்பும் அதன் பின்னரே. வெந்நீரை ஊற்றாதீர். முறத்தில் வந்த உயிர்களை வெயிலில் கொட்டாமல் செடியின் நிழலில் சேர்க்க. ஒட்டடையை நீக்குமுன் சிலந்தியும் அதன் முட்டைப்பையும் உள்ளனவா என்று பார்க்க. குளவியின் மண்கூட்டில் துளை தெரிந்தால் குஞ்சு வெளியேறிவிட்டது, அப்போது பெயர்க்கலாம். வாய் அடைத்திருந்தால் சில வாரங்கள் பொறுக்க. பின்னர்ச் சுவரின் வெடிப்பைப் பூசி, தானியத்தைக் காயவைத்து மூடி, அடுப்படியை அன்றன்றே துடைத்துவிட்டால் மறுமுறை துடைப்பத்துக்கு வேலை குறையும். நீரை வடித்த துணியில் தங்கும் உயிர்களை எடுத்த நீரிலேயே சேர்க்கும் நம் பாட்டிமார் வழக்கத்தைக் கண்டவர்க்கு இவற்றில் ஒன்றும் புதிதன்று.

முல்லைப் பெரியாற்று அணையைப் பார்வையிடச் செல்லும் குழுவினர் ததும்பும் நீரை மட்டும் நோக்கித் திரும்புவதில்லை. அணையின் உள்ளே அமைந்த சுரங்க நடையில் இறங்கி, கசியும் நீரின் அளவைக் குறித்துக்கொள்கின்றனர். வினை உயிரில் வந்து கலப்பதை ஊற்று என்றும், அதனை அடைப்பதைச் செறிப்பு என்றும் நம் நூல்கள் கூறும். ஊற்று பெரும்பாலும் முன்வாயிலில் நிகழ்வதில்லை. நாம் பாராத இடத்தில்தான் கசிகிறது. கூடத்தைப் பெருக்குவோர் வந்தவர் கண்ணுக்காகப் பெருக்குகின்றனர்; பெட்டியின் பின்னுள்ள தட்டைத் துடைப்பவரையோ எவரும் பாராட்டப் போவதில்லை. பாராட்டுவார் இல்லாத இடத்தில் காட்டும் கவனமே விரதத்துக்கு உரைகல்.

எனவே அன்பர்கள் அடுத்த போகி வரும்வரை காத்திராமல், இவ்விதழைப் படித்து முடித்தவுடன், தம் இல்லத்தில் ஓராண்டாகத் தம் கண் படாத இடம் ஒன்றைச் சென்று காண்பாராக. அங்கே உயிர்கள் இருப்பின் பொறுமையோடு இடம்பெயர்த்து, இல்லையாயின் இனியும் துன்புறும் உயிர் அங்குத் தோன்றாதபடி காப்பாராக.