மறைப்பதும் அருளா?

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு வாளையாற்றில் மாநிலம் மாறிவிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று போட்ட கோடு அது. அதுவரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. வரைபடத்தில் அது ஒரே வெட்டு. பேச்சில் அப்படி எதுவும் தெரியாது. பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளிப் பக்கம் கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், பேரம் தமிழில் நடக்கும். தமிழில் தொடங்கிய வாக்கியம் மலையாளத்தில் போய் முடியும். ஒன்று எங்கே ஓய்ந்து மற்றது எங்கே எழுந்தது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. எடிட்டிங் தெரிந்தவர்கள் வாளையாற்றுக் கோட்டைக் ‘கட்’ என்பார்கள். எலப்புள்ளிப் பேச்சை ‘டிஸ்ஸால்வ்’ என்பார்கள்.

இந்த வட்டாரத்தில் வேலை, பூரம் என்ற கோயில் திருவிழாக்கள் இப்போது வீடியோவாகாமல் முடிவதில்லை. யானை, செண்டை மேளம், தீவட்டி, தீபாராதனை எல்லாம் கணினிக்கோ கைபேசிக்கோ வந்து சேருகின்றன. எடிட்டிங் சாஃப்ட்வேரின் ஓரத்தில் டிரான்சிஷன்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன: பக்கம் புரள்வது, நட்சத்திரம் விரிவது, கண்ணாடி நொறுங்குவது, இதயம் பூப்பது. விரலால் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. யானை மேல் வரும் அம்மனின் உற்சவ வடிவமான திடம்பு கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து சிதற, அந்தச் சில்லுகளுக்குப் பின்னாலிருந்து அன்னதானப் பந்தி வருகிறது.

இதை ரசனைக் குறைவு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் சாமியைக் காட்டும் படத்தில் நடுவே ஒரு மறைப்பு வரும்போது, அது கும்பிடுகிறவருக்கு உதவுகிறதா, குறுக்கே நிற்கிறதா என்று கேட்டால் கேள்வி சமயத்துக்குள் போய்விடுகிறது. தமிழ்ச் சைவம் அந்த இடத்தில் நிறையவே யோசித்திருக்கிறது.

சிவனுக்கு ஐந்து தொழில். படைத்தல், காத்தல், அழித்தல் எல்லோரும் அறிந்தவை. நான்காவது மறைத்தல், ஐந்தாவது அருளல். மறைப்பதைக் கடவுளின் தொழிலாக வைத்ததுதான் வியப்பு. உயிர் பக்குவப்படும் வரை உண்மையை ஒரேயடியாகக் காட்டாமல் திரையிட்டு வைப்பதும் கருணையே என்கிறது சைவ சித்தாந்தம். அதற்குத் திரோதம் என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டில் திருவதிகை மனவாசகம் கடந்தார் எழுதிய உண்மை விளக்கம், இந்த ஐந்தையும் நடராசர் திருமேனியில் இடம் குறித்துக் காட்டுகிறது. உடுக்கையில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, தூக்கிய திருவடியில் அருள். மறைப்பு இருக்குமிடம் ஊன்றிய திருவடி. ஆட்டம் முழுவதையும் தாங்கி நிற்கிற கால் அது. பார்க்கிறவர் கண் தூக்கிய காலுக்குத்தான் போகும். ஊன்றிய கால் இல்லாமல் அது தூக்கி நிற்காது.

மறைக்கிற எல்லாமே இப்படி அருளில் சேருமா என்றால், சேராது. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் நூறு குறட்பாக்களில் செய்த திருவருட்பயன் இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொல்கிறது. இருட்டு மற்றப் பொருள்களைக் காட்டாது, ஆனால் தான் இருட்டாக இருப்பதைக் காட்டிவிடும். உயிரை மூடியிருக்கும் ஆணவ மலம் அதையும் காட்டாது. அவர் பேசுவது ஆணவத்தைப் பற்றி. எடிட்டிங் மேசைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது முதல் பாதி. கண்ணாடி நொறுங்கும் டிரான்சிஷன் அந்த இருட்டு மாதிரி. முன் காட்சியும் தெரியாது, பின் காட்சியும் தெரியாது, நொறுங்குவது மட்டும் தெரியும். அதே நூல் மாயையை விளக்குக்கு ஒப்பிடுகிறது: இரவில் வழி பார்க்க உயிருக்குத் தரப்பட்ட விளக்கு. விளக்கு ஏற்றுவது எதையோ பார்ப்பதற்காக.

இந்த விளக்கை நேரில் காண எலப்புள்ளியிலிருந்து மேற்கே, பாரதப்புழைக் கரைக்குப் போக வேண்டும். ஒற்றப்பாலம், ஷொர்ணூர் வட்டாரத்துப் பகவதி கோயில்களின் எதிரே கூத்துமாடம் என்று நீளமான மண்டபம் ஒன்று இருக்கும். தை, மாசி, பங்குனி இரவுகளில் அங்கே தோல்பாவைக்கூத்து நடக்கும். கதை கம்ப ராமாயணம். பாடுவது தமிழ்ச் செய்யுள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்த பத்ரகாளியால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று, அந்தக் குறை தீர இந்தக் கூத்து என்பது ஐதிகம். அதனால் முதல் பார்வையாளர் அவள்தான். ஆள் யாரும் உட்கார்ந்திராத இரவுகளிலும் கூத்து நடத்தும் புலவர்கள் விடியும் வரை பாடி முடிக்கிறார்கள். 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற கூனத்தறை ராமச்சந்திர புலவர் இந்த மரபில் வந்தவர்.

திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக 21 விளக்கு. அவற்றுக்கான தீ கோயிலிலிருந்து வருகிறது. பாவைகள் துணியில் குத்தி நிறுத்தப்பட்டிருக்கும். பெரும்பகுதி நேரம் அசைவு மிகக் குறைவு, பாட்டும் பொருள் விரிவும்தான். பாவையைத் துணியிலிருந்து சற்று பின்னுக்கு எடுத்தால் நிழலின் ஓரம் கலங்கும். இன்னும் எடுத்தால் கரைந்தே போகும். ஃபேட் அவுட் என்று சாஃப்ட்வேர் சொல்லித் தருவதைத் தோலும் நெருப்பும் எப்போதோ செய்துவிட்டன. எஃபெக்டும் உண்டு: தெள்ளிப்பொடி. விளக்குச் சுடரில் அந்தப் பொடியை வீசினால் குப்பென்று தீ எழுந்து திரை முழுக்கச் சிவக்கும். போர் வரும்போது அதை வீசுவார்கள். பரதன் அழும்போது கைப்பிடிப் பொடி கையிலேயே இருக்கும். மணிக்கணக்காக நிதானமாக எரிந்த 21 சுடர்களுக்குப் பிறகு வருவதால்தான் அந்த ஒரு வீச்சுக்கு அத்தனை வலிமை.

சினிமாவும் இதே பாதையில்தான் சாமியைக் காட்டத் தொடங்கியது. 1913-இல் ராஜா ஹரிச்சந்திராவை எடுத்த தாதாசாகேப் பால்கே, 1919-இல் காளிய மர்தன் எடுத்தபோது தன் சிறு மகள் மந்தாகினியைக் கண்ணனாக்கினார். படத்தின் தொடக்கத்தில் அந்தச் சிறுமியின் முகபாவங்களைத் தனியாகக் காட்டிவிடுகிறார். பிறகுதான் அவள் கண்ணன். இது வேடம் என்று சொல்லிவிட்டு வேடத்தைத் தொடர்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. கும்பிடுகிறவரை அவர் ஏமாற்றவில்லை.

தமிழ்ப் படத்தைச் சொல்வதானால் 1965-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த திருவிளையாடல். விறகு விற்பவனாக வந்த சிவன் பாடுகிறார். பாட்டு நின்ற இடத்தில் உலகம் நின்றுவிடுகிறது. படத்தை உறைய வைப்பது எளிமையான தந்திரம், ஒரே ஃபிரேமைத் திரும்பத் திரும்ப அச்சிடுவது. ஆனால் அவனன்றி ஓரணுவும் அசையாது என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த பார்வையாளருக்கு, அலை அந்தரத்தில் நின்றபோது அது தந்திரமாகப் படவில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தத்துவத்தைக் கண்ணால் பார்த்தார். அதே உறைதலை இன்று திருவிழா வீடியோவில் யானை தலை திருப்பும் ஒவ்வொரு முறையும் போட்டால் எதுவும் நடக்காது.

டிஸ்ஸால்வ் போடுகிறவருக்கு ‘ஹேண்டில்’ என்ற சொல் தெரிந்திருக்கும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் ஒரு நொடி டிஸ்ஸால்வ் வேண்டுமென்றால், முதல் கிளிப் வெட்டிய இடத்தைத் தாண்டி இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று ஃபிரேம் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாவது கிளிப்பும் தொடங்கும் இடத்துக்கு முன்னால் அதே அளவு இருக்க வேண்டும். அந்த மிச்சம்தான் ஹேண்டில். அது இல்லாத இடத்தில் போட்டால், இருக்கிற ஒரு ஃபிரேமே திரும்பத் திரும்ப வந்து படம் சவமாக நிற்கும். ஆக டிஸ்ஸால்வ் என்பது ஒட்டுப் போடும் பசை கிடையாது. தூக்கிப் போட்டதாக நினைத்த கணங்கள் அடியில் ஓடிக்கொண்டிருப்பதால்தான் அது நடக்கிறது. அந்திச் சிவப்பு தீவட்டி வெளிச்சமாக மாறும் இடத்தில் அது பொருந்துவதும் இதனால்தான்: அந்தியும் இரவும் நிஜமாகவே ஒன்றுக்குள் ஒன்று நீண்டிருக்கின்றன.

அம்மன் முகத்திலிருந்து விழாவுக்குப் பணம் கொடுத்தவர் முகத்துக்கு டிஸ்ஸால்வ் போடுவது அப்படிப்பட்டதல்ல. இரண்டு முகம் ஒன்றின் மேல் ஒன்று படியும் அந்த ஒரு நொடியில் படம் ‘இதுவே அது’ என்று சொல்லிவிடுகிறது. எடிட் செய்தவர் அப்படி நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் சொல்லியாகிவிட்டது. அங்கே நேரான கட் போதும்: இது வேறு, அது வேறு.

கடவுளும் உயிரும் ஒன்றாய், வேறாய், உடனாய் இருப்பதாகச் சித்தாந்தம் சொல்லும். டிஸ்ஸால்வ் ஒன்றாக்குகிறது, கட் வேறாக்குகிறது. ‘உடனாய்’ என்பதற்கும் எடிட்டிங்கில் ஒரு வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. அடுத்த காட்சியின் ஒலியை முன்கூட்டியே கொண்டுவருவது அது. கண் இங்கே இருக்கும், காது அங்கே போய்விட்டிருக்கும்.

கேரளக் கோயில் இதை நாள்தோறும் செய்கிறது. பூஜை நேரத்தில் நடை சாத்தியிருக்கும். படியோரம் நின்று ஒருவர் இடைக்கா என்ற சிறு மேளத்தைத் தோளில் மாட்டி வாசித்தபடி பாடுவார். ஜெயதேவரின் அஷ்டபதியாக இருக்கலாம். சோபான சங்கீதம் என்பது இதுதான், சோபானம் என்றால் படி. ஞெரளத்து ராம பொதுவாள் அதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்து நாடறியச் செய்தார். சாத்திய கதவு, அதன் முன் ஒரு குரல். உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. குரல் மட்டும் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரை மெல்லக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறது. திரோதம் என்ற சொல்லை ஒரு குழந்தைக்குப் புரிய வைக்க வேண்டுமானால் அந்தப் படியருகே நிறுத்தினால் போதும்.

அங்குள்ள பல கோயில்களில் உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள். வீடியோ எடுப்பவர்கள் அதைக் குறையாக எண்ணி, கருவறைக் காட்சி வர வேண்டிய இடத்தில் காலண்டர் படம் ஒன்றை வைத்துப் பின்னால் கதிர்களைச் சுழல விடுகிறார்கள். அந்தத் தடையைக் கதவாகவே எடுத்துக்கொள்ளலாம். கேமரா வெளியே, கூட்டத்தின் முகங்களில் நிற்கட்டும். இடைக்கா உள்ளிருந்து கேட்கட்டும். அரை நிமிடமானாலும் வெட்ட வேண்டாம். ஒரு குழந்தை அம்மாவின் தோளில் தூங்குகிறது. ஒரு பாட்டி எக்கிப் பார்க்கிறாள். மணி அடிக்கிறது. அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் மேலே போகின்றன. முன்வரிசையில் நிற்பவர்களின் முகத்தில் விளக்கொளி விழுகிறது.