தையல் தெரியும் வாக்கியம்

போன வருஷம் ஐப்பசி மழையில் ஆச்சி படுத்த படுக்கையானாள். சபை ஐயர் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்தார். (எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பங்களில் பாதிரியாரை இன்னும் 'ஐயர்' என்றுதான் சொல்வோம். சென்னை நண்பர்களுக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.) கட்டிலைச் சுற்றி அம்மா, சித்தி, இரண்டு மாமாக்கள், நான். ஐயர் ஒரு சின்னத் தோல்பெட்டியைத் திறந்து, கைக்குள் அடங்குகிற வெள்ளிக் கிண்ணத்தையும் தட்டையும் எடுத்து வைத்தார். நான் நற்கருணை எடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்லூரி மூன்றாம் வருஷத்தில் விசுவாசம் போய்விட்டது. பெரிய சண்டையெல்லாம் இல்லை, சார்ஜ் இறங்குகிற மாதிரி இறங்கிப்போனது. அதன்பிறகு கோவிலுக்குப் போனாலும் பந்தி நேரத்தில் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். வீட்டில் பின்வரிசை ஏது? அம்மா முழங்கால் போட்டாள். நானும் போட்டேன். ஆச்சி தலையைத் திருப்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் வரிசையாக வந்தார். ஒவ்வொருவர் கையிலும் அப்பத்தை வைக்கும்போது அந்தப் பழைய, நீளமான வாக்கியத்தை முழுசாகச் சொன்னார். சின்ன வயதில் நூறு முறை கேட்டதுதான். அன்றைக்குத்தான் அது ஒரு வாக்கியம் இல்லை, இரண்டு என்று காதில் விழுந்தது. முதல் பாதி, உனக்காகக் கொடுக்கப்பட்ட கிறிஸ்துவின் உடல் உன் உடலையும் ஆத்துமாவையும் காக்கட்டும் என்கிறது. இரண்டாம் பாதி, கிறிஸ்து உனக்காக மரித்ததை நினைத்து இதைச் சாப்பிடு, விசுவாசத்தோடு உன் இதயத்தில் அவரை உட்கொள் என்கிறது. முதல் பாதியின்படி என் கையில் இருப்பது உடல். இரண்டாம் பாதியின்படி அது 'இது', வெறும் 'இது'. சாப்பிடுவது வாயில்லை, இதயம். இந்த இரண்டையும் யார், எதற்காக ஒட்டினார்கள்?

அந்த ராத்திரி மழையில் கரண்ட் போய்விட, போனில் மிச்சமிருந்த சார்ஜில் படிக்க ஆரம்பித்தேன். பிறகு பல மாதம் படித்தேன்.

சண்டையின் வேர் ஒரு வினைச்சொல். 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் ஸ்விங்லியும் உட்கார்ந்து பேசினார்கள். இருவருமே ரோமைவிட்டு விலகியவர்கள். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். கடைசியில் நற்கருணையில் முட்டிக்கொண்டது. 'இது என் உடல்' என்பதற்கான லத்தீன் சொற்களை லூத்தர் சாக்பீஸால் மேசையில் எழுதி வைத்துக்கொண்டார். அதில் இருக்கும் 'எஸ்ட்' என்றால் 'இருக்கிறது'தான் என்றார் அவர். 'குறிக்கிறது' என்று கொள்ள வேண்டும் என்றார் ஸ்விங்லி. இதில் தமிழனுக்கு ஒரு வேடிக்கை உண்டு. 'இது என் வீடு' என்று சொல்லும்போது நமக்கு வினைச்சொல்லே வேண்டாம். ஏசு பேசிய அரமேயிக்கிலும் அந்த இடத்தில் வினைச்சொல் தேவைப்பட்டிருக்காது என்பார்கள். ஆனால் எங்கள் பழைய வேதாகமம் 'சரீரமாயிருக்கிறது' என்று அழுத்திச் சொல்லும். யாரும் வீட்டில் இப்படிப் பேசுவதில்லை. அந்த 'ஆயிருக்கிறது'க்குள் ஐரோப்பாவின் ஒரு நூற்றாண்டுச் சண்டை உட்கார்ந்திருப்பதாக எனக்கு ஒரு பிரமை.

நான் கேட்ட வாக்கியம் இங்கிலாந்தில் பிறந்தது. 1549இல் கான்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் தலைமையில் முதல் ஆங்கில ஜெபப்புத்தகம் வந்தது. அப்பம் கொடுக்கும்போது சொல்ல அதில் இருந்தது முதல் பாதி மட்டும். அதையே தாங்க முடியவில்லை பலருக்கு. டெவனில் சாம்ப்ஃபோர்டு கோர்ட்னி என்ற ஊரில், புதுப் புத்தகத்தில் ஒருநாள் பூசை நடந்த மறுநாளே ஜனங்கள் குருவை மறித்து, பழைய உடையைப் போட்டுப் பழைய லத்தீன் பூசையைச் செய்யவைத்தார்கள். அது கலகமாகி, கார்ன்வால்காரர்களோடு சேர்ந்து, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஜெபப்புத்தகக் கலகம் என்றே அதற்குப் பெயர்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த அடி இன்னும் நுட்பமானது. லண்டன் டவரில் சிறையிருந்த ஸ்டீபன் கார்டினர் என்ற பிஷப், பழைய நம்பிக்கைக்காரர், இந்தப் புத்தகத்தைத் தன் நம்பிக்கைப்படியே வாசித்துக்கொள்ள முடியும் என்றார். எதிரி பாராட்டிவிட்டார்! எந்த அர்த்தத்தை வெளியேற்ற எழுதினோமோ அந்த அர்த்தம் இன்னும் உள்ளே வருகிறது என்றால் ஓட்டை இருக்கிறது என்றுதானே பொருள். 1552இல் வந்த அடுத்த பதிப்பில் முதல் பாதியைத் தூக்கிவிட்டார்கள். இரண்டாம் பாதியை மட்டும் வைத்தார்கள். தலைப்பிலிருந்து 'மாஸ்' என்ற சொல் போனது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் வேறு ஒன்று: மிச்சமாகும் அப்பத்தையும் ரசத்தையும் குருவானவர் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று ஒரு குறிப்பு. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு விதி உண்மையில் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் நடுப்பகுதியைப் படிக்காதே, ஓரத்தைப் படி. மிச்ச அப்பம் அந்த ஓரம். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளக் கொண்டுபோகலாம் என்றால் அது ரொட்டி. வேறு விளக்கம் தேவையில்லை.

புத்தகம் அச்சில் இருக்கும்போதே இன்னொரு தகராறு. முழங்கால் போட்டு வாங்குவது ரொட்டியைக் கும்பிடுவது ஆகாதா என்று ஜான் நாக்ஸ் பிரசங்கத்தில் கிளப்பிவிட்டார். கிரான்மருக்கு எரிச்சல். புத்தகம் நவம்பர் 1 முதல் நடைமுறை. அக்டோபர் 27 அன்று அரச ஆலோசனைக் குழு ஒரு விளக்கத்தைச் சேர்க்கச் சொன்னது: முழங்கால் போடுவது வணக்கம் அல்ல, அங்கே கிறிஸ்துவின் இயற்கையான சதை மெய்யாக இல்லை. சில பிரதிகளில் அதைத் தனித்தாளாக ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ், வியாழக்கிழமை ராத்திரி அவசரத் திருத்தம். நானூற்றெழுபது வருஷத்துக்கு முந்தைய அந்த அச்சகத் தொழிலாளியின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், கண்ணாடியில்.

ஆனால் இது வெறும் பதிப்பு மாற்றக் கதை இல்லை. அடுத்த வருஷமே ராணி மேரி வந்தார், லத்தீன் திரும்பியது. கிரான்மர் சிறையில் தன் நம்பிக்கையை மறுத்துப் பலமுறை கையெழுத்துப் போட்டார். 1556 மார்ச் 21, ஆக்ஸ்ஃபோர்டில் அதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு, கையெழுத்துப் போட்ட வலதுகையை முதலில் தீயில் நீட்டினார். ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதற்கு அன்றைக்கு இருந்த விலை அது.

1559. ராணி எலிசபெத். புதுச் சட்டம் மேலவையில் மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் தேறியது. அந்தப் புத்தகத்தில்தான் இரண்டு பாதிகளையும் சேர்த்தார்கள். நடுவில் ஒரு 'மேலும்'. அவ்வளவுதான். புதிதாக ஒரு சொல்லை யோசிக்கவில்லை, மழுப்பலான மூன்றாவது வாக்கியம் எழுதவில்லை. எந்த இரண்டு வாக்கியங்களுக்காக ஆட்கள் எரிந்தார்களோ அவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மூச்சில் சொல்லச் சொன்னார்கள். ரொட்டியைக் கும்பிடுவதைப் பற்றிய அந்த விளக்கத்தையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு பேர் ஒரே வரியை இரண்டு விதமாகத் திருத்தினால் கிட் என்ற மென்பொருள் இரண்டையும் அடையாளக் கோடுகளுக்கு நடுவே வைத்துவிட்டு, நீயே முடிவுசெய் என்று நிறுத்திவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் சேர்த்து அனுப்பினால் எங்கள் அணித்தலைவர் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்துத் திட்டுவார். ஒரு தேசமே அப்படி அனுப்பியிருக்கிறது.

சிரிப்பு நின்றதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு சொல்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் செய்துகொடுத்த செயலியின் விதிமுறை ஆவணத்தை நான் எழுதினேன். பயனர் கணக்கை மூடச் சொன்னால் என்ன ஆகும் என்ற இடத்தில் தகராறு. அவர்களுடைய வக்கீல்களுக்குத் தரவு அழிய வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அழிப்பது செலவு, ஆபத்து. கணக்கின் மேல் 'நீக்கப்பட்டது' என்று ஒரு கொடி குத்திவிட்டு உள்ளே அப்படியே வைத்திருப்போம். மூன்று கூட்டம் போட்டும் முடியவில்லை. நான்காவது கூட்டத்துக்கு முன்னால் 'தரவு நீக்கப்படும்' என்று எழுதினேன். வக்கீல் 'அழியும்' என்று வாசிப்பார், எங்கள் ஆள் 'மறையும்' என்று வாசிப்பார், இது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு என்னைப் பாராட்டினார்கள். ஒரு வருஷம் கழித்து, செத்துப்போன அப்பாவின் கணக்கை நீக்கச் சொல்லியிருந்த ஒரு பெண்ணுக்கு, அப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லச் சொல்லி எங்கள் செயலியிலிருந்து நினைவூட்டல் போனது. அவர் எழுதிய புகாரை நான் படித்தேன். திட்டவே இல்லை. நீக்கிவிட்டோம் என்று சொன்னீர்களே, அப்போது எதைச் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்.

அப்போ 1559ம் நான் செய்ததும் ஒன்றா? பல நாள் ஒன்று என்றே நினைத்தேன். இரண்டும் சமாதானத்துக்காக அர்த்தத்தைத் திறந்துவிட்ட எழுத்து. இப்போது அப்படித் தோன்றவில்லை. எலிசபெத் காலத்து வாக்கியத்தில் தையல் வெளியே தெரிகிறது. பழைய நம்பிக்கைக்காரனுக்குத் தன் பாதி எது என்று தெரியும், பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பவன் அடுத்த பாதிக்காகக் காத்திருக்கிறான் என்பதும் தெரியும். தான் ஏற்காத பாதியையும் முழுசாகக் காதில் வாங்கித்தான் ஆக வேண்டும். ஏமாந்தவன் யாரும் இல்லை. என் வாக்கியத்திலோ தையலே கிடையாது. ஒரே சொல், வழவழவென்று. அது இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். நான் கொடுத்தது சமாதானம் இல்லை, தள்ளிப்போட்ட சண்டை. அதன் வட்டியைக் கட்டியது கையெழுத்துப் போடாத ஒரு பெண்.

இதைச் சொன்னவுடன் அந்த ஒட்டுவேலையைப் புனிதமாக்கிவிடக் கூடாது. அதே சட்டம் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வராதவனுக்கு 12 பென்ஸ் அபராதம் போட்டது. எப்படி வேண்டுமானாலும் அர்த்தப்படுத்திக்கொள், ஆனால் வந்தே ஆக வேண்டும். எலிசபெத் மனிதர்களின் மனசுக்குள் ஜன்னல் வைத்துப் பார்க்க விரும்பவில்லை என்று பின்னாளில் பிரான்சிஸ் பேக்கன் எழுதினார். கதவில் ஆள் நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறந்துவிட்ட இடத்தில் விழுந்தவர்களும் உண்டு. பந்தியின் நடுவே ரசம் தீர்ந்து வேறு ஊற்றினால் ஏசுவின் சொற்களை மறுபடி சொல்ல வேண்டுமா? புத்தகத்தில் பதில் இல்லை. 1570களில் ஒரு குருவானவர் சொல்லாமல் விட்டார். புத்தகம் அப்படிக் கேட்கவில்லையே என்பது அவர் வாதம். சிறைக்குத்தான் போனார். விதியில் இருந்த ஓட்டைக்குத் தண்டனை விதியை எழுதியவருக்கு இல்லை.

ஆனாலும் தையலைப் பிரித்தவர்கள் நிலைமை மேலாக இல்லை. 1637இல் ஸ்காட்லாந்துக்கென்று செய்த புத்தகம் இரண்டாம் பாதியை எடுத்துவிட்டு முதல் பாதியை மட்டும் வைத்தது. எடின்பரோவில் அதை வாசித்த முதல் நாளே கோவிலுக்குள் கலவரம். ஒரு பெண் உட்கார்ந்திருந்த முக்காலியை வீசினாள் என்று கதை. கோபத்துக்குப் பல காரணங்கள், இந்த வெட்டும் அதில் ஒன்று. 1662 பதிப்பு இங்கிலாந்தில் இரண்டு பாதியையும் வைத்துக்கொண்டது, நடுவிலிருந்த 'மேலும்' மட்டும் உதிர்ந்தது. முழங்கால் விளக்கம் ஒரு சொல் மாறித் திரும்பி வந்தது. மிச்ச அப்பத்தின் விதியும் மாறியது: ஆசீர்வதித்ததை வெளியே கொண்டுபோகக் கூடாது, அங்கேயே பயபக்தியோடு சாப்பிட்டுவிட வேண்டும். ரொட்டி என்றும் சொல்லவில்லை, உடல் என்றும் சொல்லவில்லை. எப்படி நடத்த வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தப் பெண்ணின் கடிதத்துக்குப் பிறகு ஆவணத்தைத் திருத்தினேன். ஒரு சொல் இருந்த இடத்தில் இப்போது இரண்டு வாக்கியம்: எதை அழிக்கிறோம், எதை எத்தனை நாள் வைத்திருக்கிறோம். வாசிக்க அசிங்கமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் முகம் சுளித்தார்கள்.

மறுபடி அந்த அறைக்கு. ஐயர் என் முன்னால் வந்து நின்றார். பொய் சொல்லக் கூடாது என்றால் நான் எழுந்து போயிருக்க வேண்டும். அந்த வாக்கியத்தின் முதல் பாதியும் எனக்கு உரியதில்லை, இரண்டாம் பாதியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் ஒரு மூச்சு விட்டார். இடது கையின் மேல் வலது கையை வைத்து நீட்டினேன். அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டது, சின்ன வயதில் ஒட்டுகிற மாதிரியே. ஆமென் நான் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த மாமா சத்தமாகச் சொன்னது எனக்கும் சேர்த்துக் கேட்டிருக்கும்.

"ஏல, எடுத்தியா?" என்றாள் ஆச்சி.

"எடுத்தேன் ஆச்சி."

எதை எடுத்தாய் என்று அவள் கேட்கவில்லை. ஐயர் தட்டில் மிஞ்சிய இரண்டு துண்டுகளைத் தானே சாப்பிட்டார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் குடித்தார், துணியால் துடைத்தார். ஆச்சி கண்ணை எடுக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு துகளை விரலால் காட்டினாள். ஐயர் அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகுதான் அவருக்குக் காப்பி போடச் சொன்னாள்.